கழுவுப்பட்டுப் போன வெண்கட்டி

எங்கள் கைக்கிறீம் செய்யும் கூடத்தில், இந்த வருட வாணி விழாவுக்குச் சாமான்களைச் சரஸ்வதி படத்தின் முன் வைத்திருந்தபோது, புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒருத்தி றஜீபனிடம் ஒரு கேள்வி கேட்டாள். "ஏன் அண்ணை, எல்லாச் சாமானையும் துடைச்சு மினுக்கிச் சந்தனம் வைச்சிருக்கிறியள். உந்தக் குழாயை மட்டும் ஏன் எண்ணெய்ப் போத்திலுக்குள்ளை கிடந்தபடியே வைச்சிருக்கிறியள்?"

றஜீபன் இப்போது உங்கள் எல்லோருக்கும் பொறுப்பாக இருக்கிறான். முன்பு என்னோடு மெசினடியில் நின்றவன். அவன் என்னை ஒருதரம் பார்த்தான். பிறகு கற்பூரத் தட்டைப் பார்த்தபடி, "போன முறை அது ஒருக்காக் கழுவுப்பட்டுப் போச்சு" என்றான்.

அவனுக்கு முன் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்றவள் என்று என்னையும் அன்று அழைத்திருந்தீர்கள். வாய் நிறைய அவலோடு நின்றிருந்தேன். மெல்லுவதை நிறுத்தினேன்.

எங்கள் ஊர்த் தமிழில் இப்படி ஒரு வசதி இருக்கிறது. கோப்பை உடைஞ்சு போச்சு. பால் ஊத்துப்பட்டுப் போச்சு. திறப்பு மாறுப்பட்டுப் போச்சு. ஒருவரும் ஒன்றும் செய்வதில்லை, எல்லாம் தன்பாட்டில் நடந்து போகின்றன! நானும் வாழ்க்கை முழுக்க இப்படித்தான் பேசி வந்தேன். இனி முடியாது. ஒரு சாமான் தானாகக் கழுவுப்படாது, பிள்ளைகளே. அதைக் கழுவச் சொல்லி யாரோ வாய் திறந்திருக்க வேண்டும்.

எண்ணெய்ப் போத்தலுக்குள் கிடக்கும் அந்தச் சாமானை முதலில் சொல்லிவிடுகிறேன். பார்வைக்குக் கரும்பலகையில் எழுதுகிற வெண்கட்டி போலவே இருக்கும், நடுவில் துளை. அதனால் அதை நாங்கள் வெண்கட்டி என்றே கூப்பிடுகிறோம். உண்மையில் அது நுண்துளை போட்ட ஒரு கண்ணாடிக் குழாய். வெளிநாட்டிலிருந்து வந்தது. எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். குழாயின் உள்ளே மெழுகும் நல்லெண்ணெயும் ஓடும். வெளியே இருந்து தண்ணீரை அழுத்துவோம். இடியப்ப உரலின் கண்கள் போல, ஆனால் கண்ணுக்கே தெரியாத கண்கள் வழியாக, தண்ணீர் குட்டிக் குட்டித் துளிகளாக எண்ணெய்க்குள் போய்ச் சேரும். வெளியே எண்ணெய், உள்ளே தண்ணீர். அதனால்தான் எங்கள் கிறீமைப் பூசிய கையை உப்புத் தண்ணீரில் வைத்தாலும் அது கழன்று போவதில்லை.

இந்த வேலைக்கு அந்தக் குழாயின் சுவர் சேம்பிலை போல இருக்க வேண்டும். தண்ணீர் அதன் வழியாகப் போகலாம், அதில் தங்கக் கூடாது. தங்கினால் துளி துளியாகக் கழன்று விழாது. பக்கத்துத் துளியோடு சேர்ந்து ஆறாக ஓடும். தண்ணீர் ஒட்டாமல் இருக்கத்தான் அதற்கு ஒரு பூச்சுப் பூசி அனுப்பியிருந்தார்கள். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது எண்ணெயிலேயே ஊறிக் கிடக்க வேண்டும். சவர்க்காரத் தண்ணீர் பட்டால் பூச்சின் குணம் கெட்டுவிடும்.

இதையெல்லாம் எங்கள் கூடத்தில் எல்லோருக்கும் பாடமாக எடுத்தவள் நான். சும்மா எடுக்கவில்லை, வெருட்டி எடுத்தேன். ஒருநாள் கூட்டித் துடைக்க வருகிற அக்கா ஈரத்துணியோடு மெசினுக்குக் கிட்டப் போனதற்கு, "உமக்கென்ன விசரே? தள்ளி நில்லும்!" என்று கத்தியிருக்கிறேன். அவ பயந்துபோய் வாளியையும் விட்டுவிட்டு வெளியே போய்விட்டா. அந்த வெண்கட்டியைப் பற்றி என்னைவிட அறிந்தவர் இந்த யாழ்ப்பாணத்திலேயே இல்லை என்பது என் எண்ணம்.

இனி புஷ்பத்தைச் சொல்ல வேண்டும். இப்போது உங்களோடு போத்தல் நிரப்புகிற அதே புஷ்பம்தான். அப்போது அவள் கரையோரத்து நண்டுத் தொழிற்சாலையில் சதை எடுக்கிறவள். கை வேகத்துக்குப் பேர் போனவள். ஐஸும் உப்பும் நண்டோட்டு முள்ளும் சேர்ந்து அவளுடைய விரல்களை வெடிக்க வைத்திருந்தன. அங்கே காலையில் வாசலில் இரண்டு கையையும் விரித்துக் காட்டித்தான் உள்ளே போக வேண்டும். வெடிப்பில் இரத்தம் கண்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சாப்பாட்டுச் சாமான், அவர்களைக் குறை சொல்ல முடியாது. புஷ்பத்தை அப்படி அனுப்பியும் இருந்தார்கள். இன்னொரு தடவை இப்படி வந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்கள். அவளுடைய உழைப்பில்தான் அந்த வீடு ஓடியது.

எங்கள் கிறீம் வெண்கட்டியில் வரத் தொடங்கிய பிறகு அந்தக் கைகள் ஆறின. அவள் நெல்லியடிச் சந்தைக்கு வருகிற நாட்களில் இங்கேயும் வருவாள். உள்ளே வந்ததும் கையை விரித்துக் காட்டுவாள். "பாருங்கோ மிஸ், இப்ப பொம்பிளைக் கை மாதிரி இருக்கெல்லோ?" என்று சிரிப்பாள். தன்னோடு வேலை செய்கிறவர்களுக்கும் சேர்த்து அவளே போத்தல்களை வாங்கிப் போவாள். எனக்குப் பெருமை தாங்காது.

போன வருடம் வாணி விழாவுக்கு அவளையும் வரச் சொல்லியிருந்தோம். விருந்தாளிகள் சிலரும் வந்திருந்தார்கள். ஐயர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார், இன்னும் இரண்டு இடத்துக்குப் போக வேண்டுமாம். தராசு, வெப்பமானி, ஸ்பானர், நுணுக்குக்காட்டி எல்லாம் வரிசையாகப் படத்தின் முன்னால் ஏறிவிட்டன. அப்போது றஜீபன் கேட்டான், "மிஸ், வெண்கட்டியையும் வைப்பமே?"

"வைக்காமல்? அதுதானே எங்கடை உயிர். வடிவாக் கழுவிப்போட்டுக் கொண்டந்து வையும்" என்றேன்.

என் வாயிலிருந்து வந்த சொல்தான். யோசித்து வந்த சொல் இல்லை. சாமிக்கு முன்னால் வைக்கிற எதையும் கழுவித்தானே வைப்போம். எண்ணெய் வடிகிற ஒன்றைக் கொண்டுபோய்ச் சரஸ்வதியின் காலடியில் வைக்க எங்கள் வீடுகளில் யாருக்கு மனம் வரும்? என் தாயார் என் வாயிலிருந்து பேசியதுபோல அது வந்து விழுந்தது.

றஜீபன் போகவில்லை, நின்றான். "கழுவிறதோ, மிஸ்?" என்று மெல்லக் கேட்டான்.

இங்கேதான் கவனியுங்கள். அவன் கேட்ட அந்த நொடியிலேயே எனக்கு நினைவு வந்துவிட்டது. வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் விருந்தாளிகள் நிற்கிறார்கள், ஐயர் மணியைக் கையில் எடுத்துவிட்டார், நான் மிஸ். பொறுப்பாக இருக்கிறவள். சொன்ன சொல்லைத் திருப்பி எடுத்தால் மானம் போய்விடும் போல இருந்தது. "பின்னை? எண்ணெய் வடிய வடியக் கொண்டுபோய் வைக்கப்போறீரே? கெதியாப் போம்!" என்றேன்.

அவன் போனான். பாத்திரம் கழுவுகிற சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்துக் கொண்டுவந்து வைத்தான். எவ்வளவு வடிவாக இருந்தது தெரியுமா! ஒரு விருந்தாளி அதைப் படமும் எடுத்தார். நான் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டேன். ஒருநாள் எண்ணெயில் ஊற வைத்தால் சரிவரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சரிவராது என்று பாடம் எடுத்தவளும் நான்தான்.

அடுத்த நாள் காலை மெசினைப் போட்டோம். எண்ணெய் போகும் கண்ணாடி வளைவில் வழக்கமாகப் பால் போல வெண்மை ஓடும். அன்று தண்ணீர் முத்து முத்தாக உருண்டு வந்தது. றஜீபன் ஒரு சொட்டு எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தான். நானும் பார்த்தேன். மற்ற நாட்களில் கடுகு கொட்டியது போல ஒரே அளவாக இருக்கும். அன்று கடுகும் புளியங்கொட்டையும் தேங்காயும் ஒன்றாகக் கொட்டிக் கிடந்தன.

"மிஸ், நிப்பாட்டுவமே?"

"பிறெஷரைக் கூட்டும்."

"கூட்டினால் இன்னும் மோசமாகும், மிஸ்."

"நீர் எனக்குப் படிப்பிக்க வேண்டாம். கூட்டும் எண்டால் கூட்டும்."

மெசினில் அழுத்தத்தைக் கூட்டினேன், அவனிடம் குரலைக் கூட்டினேன். இரண்டிலும் ஒரே பலன்தான். தண்ணீர் பீறிக்கொண்டு வந்தது. வேலை பிழைக்கும்போது கை முதலில் போய்ப் பிடிப்பது திருகுகிற பிடியைத்தான். அந்த நேரம் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். நான் நிற்கவில்லை. ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம், அதுபோல மெழுகு சரியில்லை என்றேன். எண்ணெய் புதுச் செக்கில் வாங்கியது என்றேன். வெக்கை என்றேன். கடைசியில், குழாயைச் சரியாகப் பொருத்தவில்லை என்று அவனையே ஏசினேன். "நீங்கள்தானே மிஸ் கழுவச் சொன்னனீங்கள்" என்று ஒரு வார்த்தை அவன் சொல்லியிருக்கலாம். வாயே திறக்கவில்லை. அது எனக்கு இன்னும் கோபத்தைத் தந்தது, சீ.

புஷ்பம் அன்று போத்தல் எடுக்க வருவதாக இருந்தது. அவளிடம் இருந்தது முடிந்துவிட்டது என்று விழாவன்றே சொல்லியிருந்தாள். "கொஞ்ச நாள் பொறுங்கோ, மெசின் பிழைச்சுப் போட்டுது, கையைக் கவனமாப் பாருங்கோ" என்று நான் சொல்லியிருக்கலாம். வேலைக்குக் கையுறை தேடிக் கொடுத்திருக்கலாம். முன்பு விற்ற நல்ல கிறீம் போத்தல் ஒன்றிரண்டை மற்ற இடங்களில் கேட்டு வாங்கிக் கொடுத்திருக்கலாம். நான் என்ன செய்தேன்? பிரிந்து கிடந்த அந்த எண்ணெயையும் தண்ணீரையும் பழைய அடிக்கிற மெசினில் போட்டு அடி அடி என்று அடித்தேன். நன்றாக வெளுத்து, தடித்து, கடையில் விற்கிற கிறீமை விட வடிவாக வந்தது. அடித்த கிறீமில் துளிகள் பெரிதும் சிறிதுமாக இருக்கும், எங்கள் வெக்கைக்குச் சில நாட்களில் பிரிந்துவிடும் என்று தெரியும். அந்தச் சில நாட்களுக்குள் ஏதாவது செய்துவிடலாம் என்று நினைத்தேன். புஷ்பம் வந்தாள், போத்தலைத் திறந்து பார்த்தாள்.

"என்ன மிஸ், இந்த முறை நல்ல வெள்ளையா இருக்கு?"

"ஓம், நல்லா வந்திருக்கு" என்றேன்.

றஜீபன் அப்போது கையைக் கழுவிக்கொண்டிருந்தான். கழுவி முடிந்த பிறகும் பைப்பைப் பூட்டாமல் நின்றான்.

அதற்குப் பிறகு அவள் வந்தது ஒரு மத்தியானம், வேலை நாளில். அவளைக் கண்டதுமே எனக்கு விளங்கிவிட்டது. வழக்கம்போலக் கையை விரித்துக் காட்டவில்லை. சேலைத் தலைப்பால் மூடியிருந்தாள். நான் கேட்ட பிறகுதான் எடுத்துக் காட்டினாள். விரல் மடிப்புகள் எல்லாம் பிளந்து சிவந்திருந்தன. கிறீம் போத்தலுக்குள் பிரிந்து எண்ணெய் மேலேயும் தண்ணீர் அடியிலுமாக நின்றிருக்கிறது. அவள் அதைக் குலுக்கிக் குலுக்கிப் பூசியிருக்கிறாள். ஐஸ் தண்ணீரில் கையை வைத்ததுமே எல்லாம் போய்விட்டிருக்கிறது. மற்றவர்களின் கை எப்படியோ தாங்கிக்கொண்டது. இவளுடையது முன்பே நொந்த கை. காலையில் வாசலில் பார்த்துவிட்டு, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அதைச் சொல்லி அழுவாள் என்று பார்த்தேன். ஏசினாலும் நல்லது என்று நினைத்தேன். அவள் சொன்னது வேறு. "கிறீமிலை பிழை இராது, மிஸ். நான்தான் கையை வடிவாத் துடைக்காமல் ஈரத்தோடை பூசிப்போட்டனோ தெரியேல்லை. எப்பிடிப் பூச வேணுமெண்டு ஒருக்காக் காட்டித் தாங்கோ."

கூடத்தில் எல்லோரும் நின்றார்கள். நான் அவளுடைய கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது றஜீபன் முன்னால் வந்தான்.

"உங்கடை பிழை இல்லை, புஷ்பமக்கா. என்ரை பிழை. பூசைக்கு வைக்கேக்கை அந்தக் குழாயை நான்தான் கழுவினனான். கழுவக் கூடாது. அதாலைதான் கிறீம் பழுதாப் போச்சு."

புஷ்பம் அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணை எடுத்து மெசினைப் பார்த்தேன். அவள் மறுபடி அவன் பக்கம் திரும்பி, "பரவாயில்லைத் தம்பி. தெரியாமல் செய்தது தானே" என்றாள். தலைப்பால் கையை மூடிக்கொண்டு வெளியே போனாள்.

அவள் படலையைத் தாண்டிய பிறகுதான் என் கால் அசைந்தது. ஓடினேன். இந்த வயதில், செருப்பும் இல்லாமல், றோட்டில் ஓடினேன். பஸ் தரிப்பில் நின்றாள்.

"புஷ்பம், நில்லுங்கோ. றஜீபன்ரை பிழை இல்லை. நான்தான் அவனைக் கழுவச் சொன்னனான்."

"தெரியும், மிஸ்."

"என்ன தெரியும்?"

"அண்டைக்கு நீங்கள் சொல்லேக்கை நான் பூத்தட்டோடை பக்கத்திலைதானே நிண்டனான். தம்பி ஒருக்காத் திருப்பிக் கேட்டதும் கேட்டது. கழுவினது பிழையெண்டு அப்ப எனக்குத் தெரியாது. இப்ப தம்பி சொல்லத்தான் விளங்கிச்சு."

"பின்னை ஏன் அங்கை ஒண்டும் சொல்லேல்லை?"

பஸ் வருகிறதா என்று பார்த்தபடி சொன்னாள், "நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான், மிஸ்."

பருத்தித்துறை பஸ் வந்தது. ஏறும்போது கம்பியைப் பிடிக்க அவளால் முடியவில்லை. முழங்கையை மடித்துக் கம்பியில் கொளுவிக்கொண்டு ஏறினாள். நான் அங்கேயே நின்றேன். முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

அத்தோடு நான் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். அடுத்த நாள் போத்தல் வாங்கிய எல்லோருக்கும் தொலைபேசி எடுத்தேன். "இந்த முறை செய்ததிலை ஒரு பிழை வந்துபோச்சு, திருப்பித் தாங்கோ" என்றேன். பிழை வந்துபோச்சு! விருந்தாளி வந்ததுபோலச் சொன்னேன். பிறகு நண்டுத் தொழிற்சாலைக்கே போய், புஷ்பத்தைத் திருப்பி எடுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். அங்கிருந்த பொறுப்பாளர் மரியாதையான மனிதர், கதிரை போட்டு இருத்தினார். "கையிலை குறை இல்லை, எங்கடை கிறீமிலை பிழை வந்துபோச்சு" என்று சொன்னேன்.

"ஆர் விட்ட பிழை, மிஸ்?" என்று கேட்டார். வேண்டுமென்று கேட்கவில்லை. அறியத்தான் கேட்டார்.

"விசாரிச்சுக்கொண்டு இருக்கிறம்" என்றேன்.

பஸ் தரிப்பில் புஷ்பத்திடம் சொன்ன வாயால்தான் இதையும் சொன்னேன். அவளிடம் சொன்னது தனியாக, இதைச் சொன்னது ஒரு பெரிய மனிதர் முன்னால். அவ்வளவுதான் வித்தியாசம். அவர் தலையை ஆட்டிவிட்டு, விசாரித்து முடிந்த பிறகு வரும்படி சொன்னார். உள்ளபடி சொல்லியிருந்தால் எடுத்திருப்பாரோ தெரியாது. எடுக்காமலும் விட்டிருக்கலாம். ஆனால் தெரியாது என்பதே இப்போது என்னை அரிக்கிறது.

வெண்கட்டியை அனுப்பியவர்களிடமே திருப்பி அனுப்பினோம். அவர்கள் அதைக் கரைப்பானில் கழுவி, சூட்டில் உலர்த்தி, மறுபடி பூச்சுப் பூசி அனுப்பினார்கள். பழையபடி வேலை செய்கிறது, நீங்கள் பார்க்கிறீர்கள். புஷ்பத்தின் கையும் ஆறிவிட்டது. அவளை இங்கே போத்தல் நிரப்பக் கேட்டுக் கூப்பிட்டது றஜீபன். நான் இல்லை. என்னிடம் அவனும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை, அவளும் கதைத்ததில்லை. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து எல்லோரும் "கழுவுப்பட்டுப் போச்சு" என்றே சொல்லி வந்தார்கள். நான் ஓய்வு பெற்றபோது மாலை போட்டீர்கள். அதில் ஒருவர், நான் வெண்கட்டியைக் கண்ணின் மணிபோலக் காத்தவள் என்று பேசினார். குனிந்து கொண்டிருந்தேன். அடக்கம் என்று நினைத்திருப்பீர்கள். வெட்கம்.

இப்போது இந்த வருட வாணி விழாவுக்கு வருகிறேன். றஜீபன் "கழுவுப்பட்டுப் போச்சு" என்றதும் கேட்ட பிள்ளை சரியென்று தலையாட்டிவிட்டு நகரப் பார்த்தாள். கடலைத் தட்டோடு எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டு வந்த புஷ்பம் எனக்கு முன்னால் நின்றுவிட்டாள். கொடுக்கவில்லை. தட்டைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வை எனக்குத் தெரிந்த பார்வை.

அவலை ஒருவழியாக விழுங்கினேன்.

"கழுவுப்படேல்லை, பிள்ளை" என்றேன். குரல் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது, ஐயரும் திரும்பிப் பார்த்தார். "நான்தான் கழுவச் சொன்னனான். கழுவக் கூடாதெண்டு தெரிஞ்சுகொண்டே சொன்னனான். றஜீபன் கேட்டவன், அவனை ஏசிப்போட்டுக் கழுவ வைச்சனான். அதாலை இந்தப் புஷ்பத்தின்ரை வேலை போனது."

றஜீபன் எண்ணெய்ப் போத்தலை ஒரு விரலால் நேராக்கி வைத்தான்.

"ஒரு வருசம் எடுத்திருக்கு, மிஸ்" என்றாள் புஷ்பம். பிறகு தட்டைக் கிட்டக் கொண்டுவந்து, "கையை நீட்டுங்கோ, கடலை தாறன்" என்றாள்.